மலைக்கிடாவின் சம்மதம்

மச்சான்,

நேற்று மாலை ஈப்போவில் சமிக்ஞை விளக்கில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு கல் லாரி. மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. தார்ப்பாய் சரியாக மூடாத சரளைக்கல் மேல் முதல் துளிகள் விழுந்ததும் அந்த வாசனை வந்தது. நனைந்த சுண்ணாம்புக்கல்லின் வாசனை. அதோடு லேசாக வெடிமருந்து நெடியும் வந்ததாகத் தோன்றியது. லாரியில் வெடிமருந்து இருந்திருக்காது, அது நான் சேர்த்துக்கொண்டது. உன் சட்டையில் இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். விளக்கு பச்சையானதும் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, லாரி போன திசையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செய்தி எழுதியே பிழைத்தவனுக்கு இறந்துபோன ஒருவனுக்கு எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உனக்குத் தெரியாத தகவல் என்னிடம் எதுவும் இல்லை. நடந்த எல்லாவற்றிலும் நீ இருந்தாய், என்னைவிட நடுவில் இருந்தாய். ஆகவே இதைத் தகவலாக எழுதவில்லை. சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது துக்கம் இல்லை, வெட்கம். அது ஏன் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீ கேட்டால் சிரிப்பாய்.

நாம் ஒரே ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த லயங்களில் வளர்ந்தவர்கள். நான் ஈப்போவில் தமிழ்ப் பத்திரிகை நிருபராகப் போனேன். நீ பால் வெட்டினாய், என் தங்கை லெட்சுமியைக் கட்டினாய், கூட்டாளியாக இருந்தவன் உண்மையிலேயே மச்சானாக ஆனாய். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் போட்டு விற்றார்கள். வாங்கியவர்களுக்கு மரம் வேண்டும், ஆள் வேண்டாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, இந்த விற்பனையால் நிறையப் பேர் சொந்த நிலம் காண்பார்கள், மொத்தமாகப் பார்த்தால் நன்மைதான் அதிகம் என்று முதலாளியின் ஆள் விளக்கினார். அந்த மொத்தத்தில் நாம் எங்கே வருகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் ஒரு மூலையில் நின்று குறிப்பெடுத்தேன்.

செமோருக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே, ஒரு சுண்ணாம்பு மலையின் அடிவாரத்தில் கல் உடைக்கும் குவாரி ஒன்று ஆள் எடுத்தது. தோட்டத்திலிருந்து எண்பது குடும்பம் போல அங்கே குடிபோனீர்கள். குவாரி நிலத்திலேயே தகர வீடுகள். தோட்டத்து முனியாண்டி சாமியையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆலமரத்தடியில் வைத்தீர்கள். நீ வெடி வைக்கும் வேலை கற்றுக்கொண்டாய். பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, திரி கொளுத்தி, விசில் ஊதிவிட்டு ஓடிவரும் வேலை. "ரப்பர் மரம் மாதிரி இல்ல மச்சான், இது ஒரே வெட்டுதான்" என்று பெருமையாகச் சொல்வாய்.

ஒரு நாள் வெடி வைத்த பிறகு இடிபாட்டில் ஒரு விலங்கு செத்துக் கிடந்தது. கறுப்பாக, ஆடு போலவும் கழுதை போலவும், பிடரியில் கரட்டு மயிரோடு. மலாய்க்காரர்கள் காம்பிங் குருன் என்பார்கள். நம் ஆட்கள் மலைக்கிடா என்றார்கள். அந்த மலைகளின் செங்குத்துப் பாறைகளில் மட்டுமே வாழ்வது, அபூர்வமாகக் கண்ணில் படுவது, சட்டம் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பது. பக்கத்தில் அதன் குட்டி நின்றிருந்தது. ஓடத் தெரியாமல் அம்மாவின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது. அதைக் கோணிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

அடுத்த ஞாயிறு நான் வந்தபோது லெட்சுமி அதற்குப் பால் புட்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். "பாருண்ணே, வெடி வைக்கப் போன மனுசன் புள்ளையோட வந்து நிக்கிறாரு. யாரு பெத்ததுன்னு கேட்டா மலை பெத்ததுங்கிறாரு" என்றாள். நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். அம்மாவைக் கொன்றது உன் வெடி என்பதை அன்று யாரும் சொல்லவில்லை.

அது வளர்ந்தது. லெட்சுமியின் ஆடுகளோடு மேயும், ஆனால் அவற்றோடு சேராது. தகரக் கூரைகள் மேல் ஏறி நின்று, நீண்ட காதுகளை ஆட்டாமல், மூக்கைத் தூக்கியபடி கீழே நடப்பதைப் பார்க்கும். தோட்டத்தில் மானேஜர் தொரை அப்படித்தான் நிற்பார். பிள்ளைகள் அதற்குத் தொர என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "அண்ணே, தொர எங்க வீட்டுக் கக்கூஸ் கூரைல நிக்கிறாரு, உள்ள போக வெக்கமா இருக்கு, எறங்கச் சொல்லுங்கலா" என்று பக்கத்து வீட்டுப் பெண் உன்னிடம் முறையிட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். மலைக்கிடாவின் எண்ணெய் முறிந்த எலும்பை ஒட்டவைக்கும் என்று ஊரெல்லாம் நம்பிக்கை. வெளியிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலை சொன்னார். குவாரியில் கை கால் முறியாத ஆள் குறைவு, ஆகவே உள்ளேயும் கேட்டார்கள்.

"இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாவது தூக்கிருவான் மச்சான்" என்றாய்.

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். "முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டாச்சுன்னு சொல்லிடு. எவன் கை வைப்பான்?"

"சாமி பேர்ல பொய் சொல்றதா?"

"காப்பாத்தத்தானே சொல்ற. சாமிக்குத் தெரியாதா?"

"எப்ப வெட்டுறன்னு கேட்டா?"

"வளரட்டும்னு சொல்லு. வளந்துக்கிட்டே இருக்கட்டும்."

இருவரும் சிரித்தோம். அடுத்த முறை வந்தபோது தொரையின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. நீ பொய் சொல்லவில்லை. விடியலில் குளித்துவிட்டு, குட்டியை முனியாண்டி முன்னால் நிறுத்தி, சூடம் கொளுத்தி, வாய்விட்டே நேர்ந்திருந்தாய். "பொய்யாச் சொன்னா நாக்கு அழுகிப்போகும்லா. அதான் நெசமாவே சொல்லிட்டேன்" என்றாய். வேறு எந்த ஊரில் எவன் இப்படி ஒரு காரியம் செய்வான், மச்சான்? ஒரு உயிரைக் காப்பாற்ற அதைப் பலிக்கு எழுதிக் கொடுத்தோம். அது ஒரு பூட்டு என்று நினைத்தோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று இருவரும் யோசிக்கவில்லை.

பூட்டு நன்றாகவே வேலை செய்தது. யாரும் அதைத் தொடவில்லை. திருவிழா வந்தது, போனது. "இன்னும் வளரணும்" என்றாய். மறுபடியும் வந்தது. "இந்த வருசம் வேணாம், பேதியாகுது" என்றாய். பூசாரி முகத்தைச் சுளித்தார், ஆனால் விட்டுவிட்டார்.

அதன் பிறகு மலையில் கல் சரிந்தது. ஒருவருக்குக் கால் போனது. சில வாரங்களில் மறுபடியும் சரிந்தது. அதில் காளிமுத்துவின் தம்பி இறந்தான். காளிமுத்து உன் வேலைக் கூட்டத்தில் முன்னால் நிற்கும் ஆள், குரல் பெரியது, மனசும் பெரியது. தம்பியை எரித்துவிட்டு வந்து உன் வாசலில் நின்று சொன்னான்: "சாமிக்குச் சொன்னத வீட்டுல கட்டி வளக்குறீங்க. சாமி எங்க வீட்டுல வந்து எடுத்துக்கிது."

மறுநாள் யாரும் மலையேறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. நேர்ந்ததைக் கொடுக்காமல் பாறையில் கால் வைக்கமாட்டோம் என்றார்கள். குவாரிக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலைக்கு வராதவர்கள் வீட்டைக் காலி செய்யலாம், வெளியே ஆள் தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

செமோரில் அந்த மூலைக் கோப்பிக்கடையில் நாம் உட்கார்ந்தது அந்த வாரம்தான். பாலில்லாத உன் கோப்பி ஓ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

"கல்லு சரியறது சாமியாலயா?" என்று கேட்டேன். "வெடிக்கு அப்புறம் ஆடுற கல்ல எறக்காம ஆள ஏத்துறாங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதச் சொன்னா எவனும் மேல போகமாட்டான். கிடாவ வெட்டுனா போவான். எது உனக்கு வேணும்?"

"வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்றேன். வந்து கொண்டுபோகட்டும்."

"வருவாங்க. எங்க புடிச்சேன்னு கேப்பாங்க. மலையக் காட்டணும். மலையில இன்னும் இருக்குன்னு தெரிஞ்சா மலைய மூடுவாங்க. அப்புறம் நாங்க எங்க போறது? மறுபடியும் முனியாண்டிய லாரில ஏத்தவா?"

அது வெறும் பயமில்லை. ஈப்போவில் சில ஆசிரியர்களும் ஒரு மருத்துவரும் சேர்ந்து பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த மலைகள் ஒவ்வொன்றும் ஒரு தீவு, நடுவில் ஈயம் தோண்டிய குட்டைகளும் சாலைகளும் வீடுகளும் வந்துவிட்டதால் ஒரு மலையின் கிடா அடுத்த மலைக்குப் போக முடியாது, குவாரி இருக்கும் இந்த மலையையாவது விட்டுவிடுங்கள் என்று. என் மேசைக்கு வந்த கடிதத்தைச் சுருக்கி உள்பக்கத்தில் போட்டேன். அடையாள அட்டை தொலைந்த விளம்பரத்துக்குக் கீழே வந்தது.

எங்கள் அலுவலகத்தில் எந்தச் செய்தி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். எத்தனை பேர்? பஸ் கவிழ்ந்ததா, எத்தனை பேர். வெள்ளமா, எத்தனை வீடு. பக்கமும் எழுத்தின் அளவும் அதைப் பொறுத்தே. கொடூரமாகத் தோன்றினாலும் அது நியாயமான கேள்வி. எல்லாரையும் ஒரே அளவாக மதிக்கும் கேள்வி. அதையே உன் முன்னால் வைத்தேன்.

"ஒரு பக்கம் எண்பது குடும்பம். ஒரு பக்கம் ஒரு ஆடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஆடுங்காத. ஆடுன்னா பாசார்ல இன்னொன்னு வாங்கலாம்லா. அந்த வாத்தியாருங்க எத்தன மிச்சம்னு எழுதுறாங்க?"

"இந்த மலையில கை விரல்ல எண்ணிரலாம்னு."

"அப்ப ஒன்னுன்னா ஒன்னு இல்ல."

"சரி. தான் கடைசிகள்ல ஒன்னுன்னு அதுக்குத் தெரியுமா? வலி மத்த ஆட்டுக்கு உள்ள அதே வலிதான்."

நீ ஆறிய கோப்பியைத் தள்ளி வைத்தாய். பிறகு சிரித்தாய். "தோட்டத்த வித்தப்ப நாம கடைசிப் பெரட்டுன்னு நமக்கு மட்டும் தெரிஞ்சுச்சா? மரத்தப் பாத்துக்கிட்டு நின்னோம். ஆனா நீ சொல்றது சரி மச்சான். எம்புள்ள ரெண்டும் அந்த எண்பதுலதான் இருக்கு. கணக்கு சரிதான்."

என் தங்கையும் அந்த எண்பதில்தான் இருந்தாள். அதை நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. எண்ணுகிறவன் எந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணுகிறான் என்பது பத்திரிகையில் எங்கும் வருவதில்லை.

கடைசியாகப் பூசாரியிடம் போனாய். ஒன்றுக்கு மூன்றாக வேறு கிடா தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தாய். "வேற கிடாவத்தான் தரணும்னா வாயில வேற கிடாவச் சொல்லியிருக்கணும்" என்றார் அவர். அதோடு முடிந்தது.

திருவிழா நாள் நல்ல வெயில். நான் காமிராவை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். தொரையைக் குளிப்பாட்டி, கழுத்தில் புதிய மாலை போட்டு, முனியாண்டி முன்னால் நிறுத்தினார்கள். கயிறு உன் கையில் இருந்தது. பூசாரி வேப்பிலையை முக்கி மஞ்சள் நீரை அதன் தலையில் ஊற்றினார்.

வழக்கம் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, கிடாவும் ஒப்புக்கொடுத்தது என்று பொருள். துலுக்காத கிடாவை வெட்டக்கூடாது. சாதாரண ஆடு ஒரு சொம்புத் தண்ணீருக்கே துலுக்கிவிடும்.

தொர துலுக்கவில்லை. மஞ்சள் நீர் அந்தக் கரட்டுப் பிடரி வழியாக வழிந்து மண்ணில் சொட்டியது. அது மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மழையில் பாறை மேல் நின்று வளரும் இனம் அது. நனைவது அதற்கு ஒரு விஷயமே இல்லை. இரண்டாவது சொம்பு, மூன்றாவது. உடுக்கை அடித்தவர் வேகத்தைக் கூட்டினார், பிறகு தயங்கினார், பிறகு நிறுத்திவிட்டார். கூட்டம் முழுக்க அமைதி.

பூசாரி நிமிர்ந்து, "உத்தரவு கெடைக்கல" என்றார்.

அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட நீ அப்படி இல்லை. "சாமியே வேணாங்குது! கேட்டீங்களா, சாமியே விடச் சொல்லுது!" என்று கத்தினாய். சில பெண்கள் தலையாட்டினார்கள். ஒரு கிழவர், "அது என்னமோ நெசந்தான்" என்றார். அந்தக் கொஞ்ச நேரம் நம் கோப்பிக்கடைக் கணக்கு முழுவதும் காற்றில் போய்விட்டது. எண்பதும் இல்லை, ஒன்றும் இல்லை. தொர சரி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காளிமுத்து முன்னால் வந்தான். அவன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி, விட்டுருவோம்ணே. நாளைக்கு மலைக்கு யாரு போறது? நான் போறேன். எங்கூட யாரு வாரீங்க?" என்று கேட்டான். ஒருவரும் அசையவில்லை. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தலைகள் குனிந்தன.

லெட்சுமி அப்போதுதான் எழுந்தாள். இடுப்பிலிருந்த சின்னவளைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். பூசாரி கையிலிருந்து சொம்பை வாங்கினாள். அந்த விலங்கு வேறு யார் கிட்டப் போனாலும் பின்வாங்கும், அவளிடம் மட்டும் முகத்தை நீட்டும். அவள் புட்டிப்பால் கொடுத்த கை. அந்தக் கையால் நீண்ட காதை மெதுவாகத் தூக்கினாள், அழுக்குத் துடைக்கத் தூக்குவதுபோல. உள்ளே ஊற்றினாள்.

காதில் தண்ணீர் போனால் எந்த ஜீவன்தான் உதறாது? தொர தலை முதல் வால் வரை உதறிச் சிலிர்த்தது. மஞ்சள் நீர் நம் எல்லார் மேலும் தெறித்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். உடுக்கை திரும்பத் தொடங்கியது. "துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பார்க்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. காதில் ஊற்றியதைச் சிறு பிள்ளைகள்கூடப் பார்த்தார்கள். ஆனாலும் அது சம்மதம்தான் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் முடிவு செய்துவிட்டோம். நானும் கத்தினேன், மச்சான். யாரும் கேட்டுக்கொள்ளாமல், கையை மேலே தூக்கிக் கத்தினேன். நெஞ்சில் இறுகியிருந்தது ஒன்று இளகி மூச்சு தாராளமாக வந்தது. கத்தி முடித்த பிறகுதான் உன்னைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடியே நின்றிருந்தாய். வெட்டுகிறவர் வரும்வரை நீ கயிற்றை விடவில்லை.

கறி கெட்டியாக இருந்தது. எவ்வளவு மசாலா போட்டும் மலை நாற்றம் போகவில்லை. பிள்ளைகள் துப்பினார்கள். நீ குவாரிப் பக்கம் போய்விட்டாய். நான் இலை முன்னால் உட்கார்ந்து கறியைத் தொடாமல் இருந்தேன். லெட்சுமி வந்து இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

"தின்னுண்ணே. நீ தின்னாம போனா அது எந்திரிச்சு நடக்கப்போவுதா?"

"உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"எல்லாருக்கும் வந்துச்சு. எனக்குக் கையும் வந்துச்சு, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் தன் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது. காரம் என்றாள். நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் எல்லாரும் மலையேறினார்கள். இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: கணக்கு சரியாகவே வந்தது. பயம் போனதும் ஆட்கள் கவனமாக வேலை செய்தார்கள். ஆடுகிற கல்லை இறக்காமல் மேலே போகமாட்டோம் என்று காளிமுத்து சண்டை போட்டு அதையும் வாங்கிக் கொடுத்தான். நெடுநாள் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வீடுகள் நின்றன. உன் மூத்தவன் அந்தத் தகர வீட்டிலிருந்துதான் படித்துக் கணக்காய்வாளன் ஆனான். சின்னவள் தாதி. அந்தப் பிள்ளைகளின் கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த நன்மை எதுவும் பொய்யில்லை.

மலையில் வேறு கிடாவை யாரும் பிறகு பார்க்கவில்லை. கடிதம் எழுதியவர்களும் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். மலை பாதியாக நின்றது. வெட்டிய பக்கம் பல் பிடுங்கிய ஈறு போல வெள்ளையும் சிவப்புமாகத் தெரியும்.

தப்பாகப் போன காரியத்துக்கு வருத்தப்படலாம். சரியாகப் போன காரியத்துக்கு என்ன செய்வது? பல வருடம் இதை என்னோடு வைத்துக்கொண்டு திரிந்தேன். எண்பது பெரிது, ஒன்று சிறிது என்பதில் நமக்கு அவ்வளவு நிச்சயம் இருந்ததென்றால், நேராகப் போய் வெட்டியிருக்க வேண்டியதுதானே? அதனிடம் ஏன் தலையாட்டு என்று கேட்டோம்? ஆட்டாதபோது ஏன் அந்த அமைதி? உயிரை எடுத்துக்கொள்வது போதவில்லை நமக்கு. தானே கொடுத்தேன் என்ற வார்த்தையையும் அதன் உடம்பிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. அதைக் கொன்றதைவிட எனக்கு வெட்கம் இதில்தான்.

எண்பதுகளின் நடுவில் நீ இருமத் தொடங்கினாய். முதலில் சுருட்டு என்றாய். சுருட்டை விட்ட பிறகும் இருமினாய். பத்து காஜா ஊர் மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னாய். நுரையீரல் முழுக்கக் கல் தூசி என்றார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து உன் வாக்குமூலத்தைக் கேட்கப்போவதாகச் சேதி வந்தது. குவாரித் தூசியைப் பற்றி நானும் எழுத ஆரம்பித்தேன். இந்தச் செய்திக்கு உன் பெயர் இருந்தது, முகம் இருந்தது. இந்த முறை எத்தனை பேர் என்று ஆசிரியர் கேட்டால், ஒருவர் என்று சொல்லிவிட்டு நகராமல் நிற்பதாக இருந்தேன்.

அலுவலர் வருவதற்கு முதல் நாள் மாலை காளிமுத்துவும் நாலைந்து பேரும் ஆரஞ்சுப் பழங்களோடு உன் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். லெட்சுமி கால்மாட்டில் நின்றாள். நான் சன்னல் ஓரம் இருந்தேன். கொஞ்ச நேரம் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று ஓடியது.

"இங்க கஞ்சில உப்பே போடமாட்டேங்குறாங்கலா" என்றாய். சிரித்தார்கள்.

காளிமுத்து உன் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் உண்மையான கண்ணீர் இருந்தது. "அண்ணே. நீங்க சொன்னா மூடிருவாங்கண்ணே. நம்ம புள்ளைங்கள்லாம் பாதிப் படிப்புல நிக்குதுங்க. உங்க பெரியவனுந்தான். சுருட்டால வந்ததுன்னு சொன்னா... நாங்க உங்களப் பாத்துக்குவோம். உங்க ஒருத்தருக்காக..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. எல்லாரும் உன் முகத்தையே பார்த்தோம். நீ ஒவ்வொருவராகப் பார்த்தாய். லெட்சுமியை நீண்ட நேரம் பார்த்தாய். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாய். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் உன் தலையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நீ தலையை அசைத்தாய்.

காளிமுத்து உன் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். என் நெஞ்சில் ஏதோ இளகியது. மூச்சு தாராளமாக வந்தது. அந்த மூச்சு எனக்கு அடையாளம் தெரிந்தது, மச்சான். ஆலமரத்தடியில் கையைத் தூக்கிக் கத்தியபோது வந்த அதே மூச்சு.

அவர்கள் போன பிறகு ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாய்.

"பாத்தியா, இந்தத் தடவ யாரும் தண்ணி ஊத்தல" என்றாய். சிரிக்கத் தொடங்கினாய், அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தோல் வழியாக எலும்பு கைக்கு வந்தது. "அதுகூட மொதல்ல மாட்டேன்னுச்சு மச்சான். எனக்கு அது முடியல" என்றாய்.

நான் எழுதியதை அன்றிரவே கிழித்தேன். நீ கேட்டுக்கொண்டதால் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீ கேட்கவே இல்லை. நீ இறந்த செய்தியை நானே எழுதினேன். பெயர், வயது, அடக்கம் நடக்கும் இடம். நான்கு வரி. காரணம் எழுதும் வழக்கம் அந்தப் பகுதியில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் எண்ணும் பழக்கம் போகவில்லை. போகவும் வேண்டாம். எண்ணாமல் ஒரு மருத்துவமனையை நடத்த முடியாது, ஒரு மலையைக் காக்கவும் முடியாது. இளம் நிருபர்கள் கேட்டால் எண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன். உன்னிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது வேறு. யாராவது எனக்கு வசதியாகத் தலையசைத்தால் என்னால் நன்றி சொல்ல முடிவதில்லை. கிளினிக்கில் முறையை விட்டுக்கொடுக்கும் பெண், வீட்டை விற்கலாமா என்று பிள்ளைகள் கூடிக் கேட்கும்போது சரி என்று சொல்லிவிடும் தகப்பன், மேம்பாட்டுக்காக இடம் பெயர மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டதாகச் செய்தியில் வரும் ஊர். எல்லாரும் மூச்சு விடும் அந்த நேரத்தில் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கண் தானாகப் போய் அவர்கள் காதில் நிற்கிறது, ஈரம் இருக்கிறதா என்று.